விசுவாசமும் கிரியையும்

பிறசமயக் கொள்கையை ஆராயப் புகுவார் முதற்கண் அக்கொள்கையை அச்சமயத்தார் கேட்டு, "ஆம், எம் கருத்து இதுவே" என்று உடன்படுமாறு எடுத்தோதுதல் வேண்டும். அதன் பின்னரே தடை விடைகட்கு இடம் உண்டு. இது மெய்கண்ட சந்தானத்து ஆசிரியன்மார் வகுத்த நெறி. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரு கூறாக்கி, பரபக்கத்தில் 14 மதங்களையும் அவ்வம்மதத்தார் வாயாற் பேசவிட்டு, அதன்பின் மறுத்தருளினார். உமாபதி சிவாசாரியார் 1313-இல் அருளிய சங்கற்ப நிராகரணமும் எதிர்க்கொள்கையை நிறுத்தியே நிராகரிக்கின்றது. அக்காலத்துத் தமிழ்நாட்டு வாதக்களத்திற் கிறித்துவமதம் எதிர்நில்லாமையின் பரபக்கத்தில் அஃது இடம்பெற்றிலது. அவ்விடத்தைப் பிற்காலத்தார் நிரப்பினர். நிரப்பினாருட் பலர் ஆசிரியர் முறையைக் கைவிட்டமையே இரங்கத்தக்கது.

இக்குறையைக் காண நெடுந்தூரஞ் செல்ல வேண்டுவதில்லை. விளாத்திகுளம், எட்டயபுரம், கோவிற்பட்டி எனப் பரந்து கிடக்கும் கரிசற் சீமையில், சிவாலயமும் கத்தோலிக்கர் கோயிலும் சீர்திருத்தச் சபையார் கோயிலும் அடுத்தடுத்த ஊர்களில் உள்ளன. வைப்பாற்றங்கரையிலுள்ள விளாத்திகுளத்துச் சந்தைக்கு வரும் மிளகாயும் மல்லியும் எல்லாச் சமயத்தார் புன்செயிலும் விளைந்தனவே. எனினும், ஒருவர் சமயத்தைப்பற்றி மற்றவர் கூறுவது இன்னும் இரண்டொரு சொற்களில் அடங்கிவிடுகின்றது. "நம்பினாற் போதும், நடையெப்படியாயினும் மோட்சம் உண்டு என்பதே கிறித்துவர் கொள்கை" என்பர் சைவருட் சிலர். "பூசையையும் தருமத்தையும் விலையாகக் கொடுத்து வீடுபேற்றைக் கொள்ள நினைப்பதே சைவர் கொள்கை" என்பர் கிறித்துவருட் சிலர். இவ்விரண்டும் பிழை, இரண்டும் ஒரே பிழை என்பது ஆராய்வார்க்குப் புலனாம்.

வழக்கின் வரலாறு

விசுவாசமோ கிரியையோ உய்திக்கு ஏது என்னும் வழக்கு முதலிற் கிறித்துவர் தமக்குள்ளேயே எழுந்தது. செர்மானிய நாட்டு மார்ட்டின் லுத்தர் 1517-இல் உரோமைச் சபையோடு மாறுபட்டெழுந்தார். அவர் 1522-இற் புதிய ஏற்பாட்டைத் தம் மொழியிற் பெயர்த்தபொழுது, பவுலடியார் உரோமையர்க்கு எழுதிய நிருபத்தில் விசுவாசம் பேசப்படுமிடத்து 'மட்டும்' என்னும் பொருள்படும் ஒரு சொல்லை மூலத்தில் இல்லாதிருந்தும் சேர்த்தார். கிரியையை வற்புறுத்தும் யாக்கோபின் நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டு முன்னுரையும் வரைந்தார். உரோமைச் சபையார் திரெந்து நகரிற் கூட்டிய சங்கத்தில், 1547-இல், கிரியையோடு கூடாத விசுவாசம் மட்டும் அமையும் என்னும் கொள்கையைக் கடிந்து தீர்ப்புச் செய்தனர்.

இவ்வழக்கு இரு நூற்றாண்டிற்குள் தமிழ்நாட்டிற்கும் வந்து சேர்ந்தது. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் போதகர் சீகன்பால்கு தமிழிற் பெயர்த்த புதிய ஏற்பாடு 1714, 1715 ஆகிய ஆண்டுகளில் அச்சேறியது. ஏறத்தாழ அக்காலத்திலேயே, கோவிற்பட்டிக்கு அணித்தாய காமநாயக்கன்பட்டியில், பிற்காலத்து வீரமாமுனிவர் எனப் பெயர்பெற்ற பெசுகிப் பாதிரியார் கத்தோலிக்கச் சமயப் பணி புரிந்திருந்தார். அவரே பின்னர் 1728-இல் வேதவிளக்கம் என்னும் உரைநடை நூலெழுதித் தரங்கம்பாடியார் கொள்கைகளை மறுத்தார். ஆகவே, கரிசற் சீமையில் நடமாடிய ஒருவர் எழுதுகோலே கிறித்துவரிரு திறத்தார் பூசலைச் செந்தமிழுக்குக் கொணர்ந்த எழுதுகோல்களுள் ஒன்றாயிற்று.

அப்பூசல் இன்று எந்நிலையில் உள்ளது என்பதும் அறியற்பாலது. 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள், செர்மானிய நாட்டு ஆக்சுபர்க்கு நகரிற் கத்தோலிக்கத் திருச்சபையாரும் உலக லுத்தரன் கூட்டமைப்பாரும் ஒரு பொது அறிக்கையிற் கைச்சாத்திட்டனர். இறைவன் மனிதனை ஏற்றுக்கொள்வது மனிதன் ஈட்டிய தகுதிபற்றியன்று, அருள்பற்றியே. அவ்வருளே உள்ளத்தைப் புதுப்பித்து நற்செயலுக்கு உரியவனாக்கும் என்பது அதன் சாரம். 2006-இல் மெதடித்தரும் 2017-இற் சீர்திருத்தச் சபைக் கூட்டத்தாரும் இதனோடு உடன்பட்டனர். வேதவிளக்கம் எழுந்து 271 ஆண்டு கழிந்தபின், வாதித்த இருவரும் ஒரு பலகையில் அமர்ந்தனர். இதனை அறியாது, "நம்பினாற் போதும் என்பார்" என்று இன்றும் ஒரு சொல்லால் மறுத்துவிட்டதாகக் கருதும் சைவர், இல்லாத பகைவன்மேல் அம்பு தொடுப்பவராவர்.

பவுலடியார் கருத்து

இனி மூலநூற் கருத்தை நோக்குக. பவுலடியார் வாதித்தது பரத்தையும் தருமத்தையும் இகழ்வாரோடன்று. யூதரல்லாதார் கிறித்துவை அடைந்தபொழுது, அவர்களும் விருத்தசேதனம் முதலிய யூத விதிகளை மேற்கொண்டாலன்றி இறைவனுக்கு உரியராகார் என்றார் சிலர். அதனை மறுத்தெழுந்ததே கலாத்தியர்க்கு எழுதிய நிருபம். நியாயப்பிரமாணம் விதித்த கிரியைகளை நிறைவேற்றினமை பற்றி ஒருவனும் இறைவன்முன் நேர்மையுடையவனாகான், இறைவனை நம்பி அடைந்தமை பற்றியே ஏற்கப்படுவான் என்பது அவர் துணிபு. இதற்கு அவர் காட்டும் சான்று ஆபிரகாம். ஆபிரகாம் இறைவன் வாக்கை நம்பினான், அந்நம்பிக்கையே அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்னும் செய்தி ஆதியாகமம் 15-ஆம் அதிகாரத்தது. விருத்தசேதன விதியோ 17-ஆம் அதிகாரத்தது. சடங்கு தோன்றுமுன்னரே ஏற்றுக்கொள்ளப்பட்டான் ஒருவன், சடங்கினால் ஏற்றுக்கொள்ளப்பட்டான் என்றல் யாங்ஙனம் என்பது அவர் வினா. வேலை செய்தானுக்குக் கொடுப்பது கூலி, அது கொடுப்பான்மேல் நின்ற கடன். அருளோ கடனன்று, கொடை என்பது அவர் காட்டும் வேறுபாடு.

நியாயப்பிரமாணத்தின் கிரியை என்பதற்கு, மனிதன் தன் முயற்சியால் ஈட்டும் தகுதி எனப் பொதுப்படப் பொருள் கொண்டனர் லுத்தர் வழியினர். 1977-இல் இ. பி. சாண்டர்சு என்னும் ஆராய்ச்சியாளர், பவுலடியார் காலத்து யூதர் வீடுபேற்றைத் தம் செயலால் விலைக்கு வாங்குவாராய் இருந்திலர், இறைவனருளால் தாம் தெரிந்துகொள்ளப்பட்டமைக்கு ஏற்ப ஒழுகுதலாகவே விதிகளைக் கருதினர் என நூலெழுதினார். அதன்பின், நியாயப்பிரமாணத்தின் கிரியை என்பது யூதரைப் பிறரினின்றும் பிரித்துக்காட்டும் அடையாளச் சடங்குகளையே சிறப்பாகக் குறித்தது என்பாரும் எழுந்தனர். இவ்விரு பொருளுள் எதனைக் கொள்ளினும், பவுலடியார் விலக்கியது பசித்தார்க்கு உணவிடுதலையன்று என்பது ஒருதலை. கலாத்தியர் நிருபத்திலேயே அவர், மதிப்புடையது அன்பின் வழியாகச் செயற்படும் விசுவாசம் ஒன்றே என்று முடிக்கின்றார். உரோமையர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், இறைவன் அவரவர் செயலுக்குத் தக்கவாறு பயனளிப்பான் என்றும் உரைக்கின்றார்.

யாக்கோபின் கருத்து

யாக்கோபின் நிருபத்து இரண்டாம் அதிகாரம் பவுலடியார்க்கு நேர்மாறாகப் பேசுவதுபோலத் தோன்றும். செயலில்லாத விசுவாசம் உயிரற்றது என்பது அதன் முடிபு. சான்றாக அவர் காட்டுவதும் அதே ஆபிரகாம். ஆனால் யாக்கோபு சுட்டும் நிகழ்ச்சி வேறு. அஃது ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்தது. தன் மகன் ஈசாக்கைப் பலியிடத் துணிந்து மலையேறிய நிகழ்ச்சி. சைவர்க்கு அவ்விடத்துச் சிறுத்தொண்ட நாயனார் நினைவுக்கு வருதல் இயல்பு. 15-ஆம் அதிகாரத்து உள்ளத்தில் எழுந்த நம்பிக்கை, 22-ஆம் அதிகாரத்திற் செயலாய் முற்றியது என்பதே யாக்கோபின் கருத்து. பவுலடியார் வித்தைச் சுட்டினார். யாக்கோபு விளைவைச் சுட்டினார். வித்தும் விளைவும் தம்முட் பகையல்ல.

அன்றியும், 'விசுவாசம்' என்னும் ஒரு சொல்லை இருவரும் ஒரு பொருளில் வழங்கினாரல்லர். பேய்களும் கடவுள் ஒருவர் உண்டென நம்பி நடுங்குகின்றன என்கின்றார் யாக்கோபு. இங்கே விசுவாசம் என்பது 'உண்டு' என ஒப்பும் அறிவளவே. பவுலடியார் கூறும் விசுவாசமோ, தன்னை முழுதும் ஒப்புவித்து அடைக்கலம் புகுதல். முன்னது வாயளவின் நிற்பது. பின்னது வாழ்வு முழுவதையும் கொள்வது. தமிழ் வழக்கில் 'விசுவாசமுள்ள வேலைக்காரன்' என்றால், முதலாளி ஒருவர் இருக்கின்றார் என நம்புவான் என்று எவரும் பொருள்கொள்ளார். உண்மையாய் உழைப்பான் என்றே கொள்வர். அச்சொல்லின் உலகவழக்கே செயலை அகத்தடக்கி நிற்றல் காண்க.

'கிரியை' என்னும் சொல்

இத்துணை எளிய செய்தி தமிழ்நாட்டில் இத்துணைக் கலக்கமுற்றது எதனால் எனின், சொல்லினால் என்க. 1871-இல் முற்றுப்பெற்று இன்றுவரை சீர்திருத்தச் சபையாரிடைப் பெருவழக்கிலுள்ள தமிழ் விவிலியத்தில், செயல் என்னும் பொருளுடைய 'எர்கா' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு நேராகக் 'கிரியை' என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. பவுலடியார் விலக்கும் செயலுக்கும் கிரியை. யாக்கோபு வேண்டும் செயலுக்கும் கிரியை. சைவர்க்கோ கிரியை என்பது சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நாற்பாதங்களுள் இரண்டாவது. ஆகம விதிப்படி அகத்தும் புறத்தும் செய்யும் சிவபூசை. யாழ்ப்பாணத்து உலகவழக்கில் இறந்தார்க்குச் செய்யும் கடனும் கிரியையே.

ஆகவே, கிரியையின்றி ஏற்கப்படுவான் என்னும் பவுலடியார் கருத்தைத் தமிழிற் படிக்கும் சைவர், சிவபூசையையே அவர் இகழ்ந்தார் என வெகுளுதலும், கிரியையற்ற விசுவாசம் உயிரற்றது என்பதைப் படித்தவுடன், சிவபூசைக்கு விவிலியமே சான்று பகர்ந்தது என மகிழ்தலும் உண்டாகின்றன. வெகுளியும் மகிழ்ச்சியும் இரண்டும் வெறுஞ்சொல்லின்மேல் நின்றன. பவுலடியார் சிவபூசையை அறியார், யாக்கோபும் அறியார். ஒருவர் சொல்லை மற்றொருவர் சமயத்துப் பரிபாடையாகக் கொண்டு வாதித்தல், ஒருவர் அளவுகோலால் மற்றொருவர் நெல்லை அளத்தலை ஒக்கும்.

வினையும் பணியும்

சித்தாந்தத்திலோ இருவகைச் செயற்கும் இருவேறு பெயருண்டு. 'யான் செய்தேன், இதன் பயன் எனக்கு' என்னும் முனைப்போடு செய்வது வினை. அது நல்வினையாயினும் பிறப்பிற்கே வித்து. தீவினை இரும்பு விலங்கெனின் நல்வினை பொன் விலங்கு. விலங்கு பொன்னாயினமைபற்றிச் சிறைப்பட்டான் விடுபட்டானாகான். ஆதலினன்றே இருவினையொப்பு வேண்டப்பட்டது. அன்பினால் ஈர்க்கப்பட்டுத் தன் முனைப்பற்று, 'இஃது அவன் பணி' எனச் செய்வது தொண்டு. சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம் இறைவனோடு ஏகனாகி இறைபணி நிற்றலால் மலமும் மாயையும் வல்வினையும் அற்றொழியும் எனக் கூறுதலும், பன்னிரண்டாஞ் சூத்திரம் ஞானம் பெற்றாரும் அடியாரோடு கூடித் திருவேடத்தையும் ஆலயத்தையும் வழிபடுவர் எனக் கூறுதலும் நோக்குக. வினை அற்றபின்னும் பணி அறவில்லை.

இவ்வேறுபாட்டைக் கைக்கொண்டு நோக்கின், பவுலடியார் விலக்கிய கிரியை வினையின் பாற்படுவது, கூலிகேட்டு நிற்பது. யாக்கோபு வேண்டிய கிரியை பணியின் பாற்படுவது, அன்பின் மெய்ப்பாடு. ஒரு சொல்லால் மறைந்த முரண் இரு சொல்லால் தெளிந்தது. பவுலடியார் பிலிப்பியர்க்கு எழுதிய நிருபத்தில், உய்திக்காக அச்சத்தோடும் நடுக்கத்தோடும் முயலுக என ஏவி, அம்முயற்சிக்கண் விருப்பமும் செயலும் இறைவனே உள்நின்று நிகழ்த்துகின்றான் என உடனே காரணங் கூறுகின்றார். செய்வான் ஒருவன், செய்விப்பான் ஒருவன் என்னும் இந்நிலை சித்தாந்திக்குப் புதிதன்று.

கண்ணப்ப நாயனார் வரலாற்றை இங்கே நினைக்க. திருக்காளத்தியில் அவர் செய்த வழிபாட்டில் ஆகம விதி ஒன்றும் இல்லை. விதிவழுவாது பூசித்த சிவகோசரியார் அதனை அநாசாரம் எனக் கொண்டு வருந்தினார். இறைவனோ அன்பின் வடிவை அவர்க்குக் காட்டுவான் ஆறுநாட் பூசையை ஏற்று, ஆறாம் நாளிற் கண்ணிற் குருதி வடித்து நின்றான். அன்பு மட்டும் போதும், செயல் வேண்டா என்பார்க்கு இவ்வரலாறு சான்றாமோ எனின், ஆகாது. கண்ணப்பரிடத்து இல்லாதிருந்தது விதி; செயலன்று. தம் கண்ணை இடந்து அப்பிய கை வாளாவிருந்த கையன்று. விதி வேண்டா, பூசை வேண்டா என்பார்க்குச் சான்றாமோ எனின், அதுவும் ஆகாது. சிவகோசரியார் தள்ளப்பட்டிலர்; அவர் பூசையின் உயிர் எது என்பதே அவர்க்குக் காட்டப்பட்டது. பவுலடியார் கூறிய உண்மையும் யாக்கோபு கூறிய உண்மையும் காளத்திமலைமேல் ஒருங்கே நிற்றல் காண்க.

உண்மையான வேறுபாடு

அற்றேல், இருசமயமும் ஒன்றேயோ எனின், அன்று. பொய்யான வேறுபாட்டை நீக்கியவிடத்தே மெய்யான வேறுபாடு விளங்கும். அது மூவகைத்து.

ஒன்று: ஆபிரகாமுக்கு நம்பிக்கை நீதியாக 'எண்ணப்பட்டது' என்பது விவிலியச் சொல். பாவி பாவியாயிருக்கவே, கிறித்துவின் நீதி அவன் கணக்கில் வைக்கப்படுகின்றது என்றனர் லுத்தர் வழியினர். அருள் உள்ளத்துட் பாய்ந்து மெய்யாகவே அவனை மாற்றுகின்றது என்றது திரெந்துச் சங்கம். சித்தாந்தம் இவ்விடத்துப் பின்னவர்க்கே அணித்து. அவரினும் ஒருபடி கடந்தது. ஆணவமலம் பொருள், கண்ணிற் படர்ந்த படலம் போல்வது. படலமுடையானைப் பார்வையுடையானாக எண்ணுதலாற் பயனில்லை. படலம் உண்டென அவன் அறிதலாலும் அது நீங்காது. மருத்துவன் செயலால் நீங்குதல் வேண்டும். அச்செயலே குருவாய் எழுந்தருளி இறைவன் செய்யும் தீக்கை. எனவே, 'கிரியையால் உய்தியோ?' என வினவுவார்க்குச் சித்தாந்தி கூறும் விடை, 'ஆம், ஆனால் அக்கிரியை இறைவனுடையது' என்பதாம்.

இரண்டு: ஒருவனிடத்து விசுவாசம் தோன்ற, மற்றொருவனிடத்துத் தோன்றாமைக்கு ஏது யாது? இறைவன் முன்னரே தெரிந்துகொண்டமை ஏது என்பாரும், மனிதன் தன் விருப்பால் இணங்கினமை ஏது என்பாரும் கிறித்துவருள் உளர். முன்னது இறைவன்பாற் பக்கபாதம் ஏற்றும். பின்னது அருளை மனிதன் இசைவிற்குக் காத்துநிற்கச் செய்யும். சித்தாந்தமோ, ஞாயிறு எங்கும் ஒப்ப ஒளிவீச ஒரு தாமரை மலர்தலும் மற்றொன்று முகையாய் நிற்றலும் பக்குவத்தான் ஆயினாற்போல, அருள் எவ்வுயிர்க்கும் ஒருபடித்தாக நிற்க, மலபரிபாகத்திற்கு ஏற்பச் சத்திநிபாதம் நிகழும் என்னும். சரியை முதலியன அருளை வாங்கும் விலையல்ல. பக்குவத்தை விளைக்கும் பருவம்.

மூன்று: அப்பக்குவம் ஒரு பிறப்பில் முற்றாதாயிற் பல பிறப்பில் முற்றும், எவ்வுயிரும் என்றுமாய்க் கைவிடப்படுவதில்லை. ஒரே பிறப்பு எனக் கொண்டார்க்கு, கருத்தோடு கேட்கும் பருவம் எய்துமுன் மாய்ந்த மகவின் நிலை யாது என்னும் வினா என்றும் இடர்ப்பாடே.

கிறித்துவரோடு வாதித்தற்குரிய களம் இம்மூன்றுமே. 'நம்பினாற் போதும்' என்பது களமன்று.

தாது வருடத்துச் சோதனை

கொள்கையின் உண்மை ஏட்டில் மட்டும் சோதிக்கப்படுவதன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில், வானம் பார்த்த பூமியாகிய வட திருநெல்வேலியும் துன்புற்றது. அக்காலத்தே திருநெல்வேலிச் சீமையில் சபையார் பஞ்ச நிவாரணம் புரிந்தனர். பல்லாயிரவர் அவர் சபைகளிற் சேர்ந்தனர். "கஞ்சிக்கு மாறினார்" என்னும் பழிச்சொல் அன்று பிறந்து இன்றளவும் வழங்குகின்றது. பசியைக் கருவியாக்கிச் சமயத்தை ஏற்றுவித்தல் பவுலடியார் கருத்துக்கும் மாறாம். அருளைக் கூலியாக்கலாகாதாயின், கூழை விலையாக்கலும் ஆகாதன்றே. ஆனால், பழிச்சொல் கூறும் சைவர் விடைகூற வேண்டிய வினாவும் ஒன்றுண்டு. அக்கஞ்சியை வார்க்கும் கை சைவர் கையாயிராதது ஏன்?

அவ்வினாவுக்கு நாணாது விடைகூறத்தக்கார் ஒருவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். அவர் இளமையிற் பெர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலியத்தைத் தமிழாக்குதற்குத் துணைநின்றவர். ஆகவே பவுலடியாரையும் யாக்கோபையும் வரிவரியாக அறிந்தவர். 1854-இற் சைவதூஷண பரிகாரம் வெளியிட்டு, பழைய ஏற்பாட்டிலுள்ள ஆலய விதிகளையே எடுத்துக்காட்டிச் சைவக் கிரியையை இகழ்ந்தார்க்கு விடையிறுத்தவர். அவரே, பஞ்சம் யாழ்ப்பாணத்தையும் பற்றியபொழுது, 1877-இற் கஞ்சித்தொட்டித் தருமம் நடாத்தினார். கிறித்துவ மறுப்பு நூல்கள் அவர் வாதத்தைக் காட்டின; கஞ்சித்தொட்டி அவர் சமயத்தைக் காட்டிற்று.

யாக்கோபின் நிருபத்தில் ஓர் உவமை உண்டு. உடையும் அன்றைய உணவும் இல்லாத ஒருவனுக்கு ஒன்றும் ஈயாது, குளிர்காய்ந்து பசியாறி நலமே செல்க என வாழ்த்துமாத்திரம் வழங்குவான் ஒருவன் அதில் இகழப்படுகின்றான். சைவருள்ளும் அவனுக்கு உடன்பிறந்தான் உளன். பசித்து வந்தானை நோக்கி, "அது அவன் வினை" எனக் கூறிக் கதவடைப்பவனே அவன். வினைக்கோட்பாடு தன் துன்பத்துக்குத் தன்னையே நொந்துகொள்ளுதற்கு வகுத்தது. பிறன் துன்பத்தைக் காணாதிருத்தற்கு வகுத்ததன்று. உயிர்கட்கு உடலும் உலகும் தந்து வினைப்பயனை ஊட்டுவதும் கழிப்பதும் அருளே எனின், அவ்வருட்குக் கருவியாய் நிற்பதே அடியார் பணி. இளையான்குடி மாறநாயனார் மழை பொழியும் நள்ளிரவில் வயலிற் சென்று, விதைத்த நெல்லின் முளையை வாரிக்கொண்டு வந்து அடியார்க்கு அமுதாக்கினார். விதைநெல்லின் அருமை நஞ்செய் நாட்டாரினும் கரிசற்காட்டு உழவர்க்கே மிகத் தெரியும். ஒரு மழை தவறினால் மறுவிதைப்புக்கு விதையில்லாதவர் அவர். அவ்வூர்களில் அந்நாயனார் புராணம் படிக்கப்படுங்கால், கேட்பார் கண் கலங்குதல் வியப்பன்று.

மற்றுமொன்று. யாக்கோபின் நிருபத்து அவ்விரண்டாம் அதிகாரம் தொடங்குவதே, அவைக்கண் பொன்மோதிரம் அணிந்து வந்தானுக்கு உயர்ந்த இருக்கையும் கந்தையுடுத்து வந்தானுக்கு நிற்குமிடமும் கொடுத்தலைக் கடிந்தாகும். தெற்கே வடக்கன்குளத்துக் கத்தோலிக்கர் கோயிலிற் சாதிபற்றி எழுப்பியிருந்த தடுப்பு 1910-இலேதான் நீக்கப்பட்டது. அத்தடுப்பின் இருபுறமும் அந்நிருபம் வாசிக்கப்பட்டிருத்தல் வேண்டும். இதனைச் சுட்டி நகுதற்குச் சைவர்க்கும் உரிமையில்லை. 1939-இல் மதுரைத் திருக்கோயிற் கதவு திறக்கப்பட்டு, 1947-இல் ஆலயப் பிரவேசச் சட்டம் மாகாணமெங்கும் நிறைவேறும்வரை, தாழ்த்தப்பட்டார் என ஒதுக்கப்பட்டார்க்குச் சன்னிதி இல்லை. சரியையாவது திருக்கோயில் அலகிடுதலும் மெழுகிடுதலும் முதலாயின. கோயில் வாயிலிலேயே தடுக்கப்பட்டானுக்குச் சரியை ஏது? சரியையின்றிக் கிரியை ஏது? நான்கு படியுடைய ஏணியை வைத்து, முதற்படியில் ஒருவனை ஏறவொட்டாது தடுத்துவிட்டு, அவன் வேறோர் ஏணியை நாடினமை பற்றி வெகுளுதல் நீதியாமோ? அவ்வேணியின் தன்மையை ஆராய்தற்கு முன், தன் ஏணியின் அடியை நோக்குதல் சைவர் கடன்.

விளாத்திகுளத்தைச் சூழ்ந்த மானாவாரி நிலத்தில் உழவர் மழைக்கு முன்னரே உழுது, வறண்ட புழுதியில் விதையிட்டு, வானத்தை நோக்கியிருப்பர். தம் உழவே மழையைக் கொணரும் என அவருள் எவரும் செருக்கார். மழை பெய்யும் என நம்பி உழாதிருப்பாரும் இலர். மழை அவருடையதன்று, உழவு அவருடையது, விளைவோ இரண்டும் கூடியவிடத்தது. பவுலடியார் வானத்தைச் சுட்டினார். யாக்கோபு கலப்பையைச் சுட்டினார். ஏட்டில் இருவரையும் மோதவிட்டு வாதித்தல் எளிது. அவ்வுழவன்போல் ஒழுகுதலே அரிது. அஃது இருசமயத்தார்க்கும் பொது. அங்ஙனம் ஒழுகுவார் வாயிற் பிறக்கும் மறுப்பே மறுப்பெனப்படும்; ஏனையது ஆரவாரம்.

திருச்சிற்றம்பலம்.